பதினேழாம் நிலையத்தின் தட்டு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் அண்ணி, பல் ஆஸ்பத்திரியில் முறை வரக் காத்திருந்தபோது சொன்னது. கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அண்ணன் ஊரில் இல்லை. துணைக்கு நான் போயிருந்தேன். பயம் தெரியாமல் இருக்க யாராவது எதையாவது பேசியாக வேண்டும். என்னைப் பேசவிட்டால் நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையைப் பற்றித்தான் பேசுவேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் முந்திக்கொண்டு அவளே ஆரம்பித்துவிட்டாள்.

(நேரில் 'வாங்க, போங்க' தான். எழுதும்போது 'அவள்' என்று வந்துவிடுகிறது. 'விஞ்ஞானி' என்று போட்டுப் பார்த்தேன், பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. மன்னிக்கணும் அண்ணி.)

அவளுடைய வேலை, பூமிக்குள் புதைந்துபோன கண்டத்தட்டுகளைத் தேடுவது. பூமியின் மேலோடு ஒரே துண்டு இல்லை, பல தட்டுகள், அவை நகர்கின்றன என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்திருப்போம். இரண்டு தட்டுகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒன்று மற்றதன் அடியில் நுழைந்து உள்ளே இறங்கும். ஒரு கடலின் தரை மொத்தமும் அப்படி இறங்கிப்போனதுண்டு. மேலே கடலும் இல்லை, கரையும் இல்லை. ஆனால் இறங்கிய தட்டு கோடிக்கணக்கான வருஷம் கழித்தும் உள்ளே இருக்கிறது, சுற்றியுள்ள பாறையைவிடக் குளிர்ச்சியாக, அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் ஆழத்தில். அவ்வளவு ஆழம் யாரும் தோண்டிப் பார்க்க முடியாது. பூமியின் மறுபக்கத்தில் எங்கேயாவது பூகம்பம் வந்தால் அதன் அலை பூமிக்குள் பாய்ந்து இந்தப் பக்கம் வரும். குளிர்ந்த தட்டு வழியாக வரும் அலை ஒன்றரை வினாடி முன்னதாக வந்துசேரும். அந்த ஒன்றரை வினாடிகளைச் சேர்த்துச் சேர்த்து, உடம்புக்கு ஸ்கேன் எடுப்பதுபோல் பூமிக்குப் படம் எடுக்கிறார்கள். எந்தத் தட்டு எப்போது இறங்கியது, எங்கே உடைந்தது என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

"யார் வீட்டுலயோ இடி விழுந்தாத்தான் எங்களுக்கு வெளிச்சம், தம்பி" என்றாள் அண்ணி.

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

'ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு கடல் இருந்தது.' இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "பின்னாடி மியூசிக் போடுவாங்களா?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

'பெரியவர் விழுந்தபோது மணி பத்து ஏழு.' இது உண்மை. ஆனால் அன்று அந்த மணி யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத ஒன்றை முதல் வரியிலேயே நான் தெரிந்தவன்போல் சொல்வது

(பாதியில் விட்டேன்.)

மூன்றாவது இது: 'குழி தோண்ட வந்தவளைத் தண்ணீர்க் குழாய் ஆள் என்று நினைத்துக்கொண்டாள் வேன்காரம்மா.' இதில் உட்கார இடம் இருக்கிறது. இங்கிருந்தே போகலாம்.

2

குழி தோண்ட வந்தவளைத் தண்ணீர்க் குழாய் ஆள் என்று நினைத்துக்கொண்டாள் வேன்காரம்மா. "ஒரு வழியா வந்தீங்களே, நாலு நாளா சொட்டு வரல" என்று கதவைத் திறந்தாள். அண்ணி கையில் கடப்பாரை, காரில் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய், சோலார் பலகை, பேட்டரி. நம்பாமல் என்ன செய்வாள்?

வேன்காரம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவள். காலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு வீடு திரும்புவாள். மறுபடி மதியம் இரண்டுக்குக் கிளம்ப வேண்டும். நடுவில் இருக்கும் நேரம் அப்பாவுக்கு. அவளுக்கு அண்ணன் ஒருவன் வெளியூரில் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நலம் விசாரிக்கிற வகை.

முப்பத்தொரு இடங்களில் பூமியின் அதிர்வைப் பதியும் கருவியைப் புதைக்க வேண்டும், ஒன்றரை வருஷம் அது சும்மா கேட்டுக்கொண்டிருக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து மெமரி கார்டை மாற்றிப்போவோம் என்று அண்ணி சொன்னாள். பதினேழாவது நிலையம் இந்தத் தெருவில் வந்தாக வேண்டும். பக்கத்து வீட்டில் தளம் போட்டுவிட்டார்கள், எதிர்வீட்டில் நாய். இந்த வீட்டின் கொல்லைதான் மண்ணாக இருந்தது.

"அதுல எங்க பேச்சு கேக்குமா?"

"பேச்சு கேக்காதுக்கா. அசைவு மட்டும்தான்."

உள்ளேயிருந்து கைத்தடியோடு பெரியவர் வந்தார். முப்பத்தெட்டு வருஷம் லாரி எடைபோடும் மேடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பாரம் ஏறினால் முள் அசையும் என்ற விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

"என்ன தேடறீங்க?"

"தட்டு ஐயா. பூமிக்குள்ள போன தட்டு."

"எங்க வீட்டுல நாலு தட்டு காணோம். அதையும் பாருங்க."

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் மகள்.

"நான் நடந்தா அதுல தெரியுமா?"

"தெரியும் ஐயா. நீங்க நடக்கறது, வாஷிங் மெஷின் சுத்தறது, வேன் கிளம்பறது எல்லாம் பதியும். ஆனா எங்களுக்கு அது வேண்டாத இரைச்சல். வடிகட்டிருவோம்."

"வடிகட்டுவீங்களா? என்னையா?" என்றார் பெரியவர். நிஜமாகவே மனம் கோணிவிட்டது அவருக்கு.

அதைச் சரிக்கட்டத்தான் அண்ணி அந்த வார்த்தையை விட்டாள்: "சரி, தினமும் காலைல குழிப்பக்கம் வந்து தடியால மூணு தட்டு தட்டுங்க. அடுத்த தடவை வர்றப்போ நீங்க தட்டினது எல்லாம் எடுத்துக் காட்டறேன்."

"நீங்க தேடறதும் தட்டு, நான் குடுக்கறதும் தட்டு" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

(இந்தச் சிலேடை என்னுடையது என்று நினைப்பீர்கள். அவருடையதுதான். எனக்கு இவ்வளவு லகுவாக வராது.)

3

ஆறு மாதம் கழித்து அண்ணி போனபோது அவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். நேர்க்கோடு, அதில் மூன்று முட்கள். அடுத்த நாள், மூன்று முட்கள். நூற்று எண்பத்தொரு நாள், ஒரு நாள் தப்பவில்லை. மூன்று நாள் மட்டும் மணி பிந்தியிருந்தது. "அன்னிக்குக் காய்ச்சல்" என்றார்.

ஒரு நாளின் கோட்டைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தாள். அதை அவர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டவைத்தார். மகளைக் கூப்பிட்டு, "இது நான்" என்று காட்டினார்.

"அழகா இருக்கீங்க" என்றாள் மகள், கையில் துவைத்த துணிக் கூடையோடு.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பெரியவர் கதைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறார். நகைச்சுவையாகப் பேசுகிறார், அறிவியலில் ஆர்வம் காட்டுகிறார், காய்ச்சலிலும் தடியை ஊன்றிக்கொண்டு கொல்லைக்குப் போகிறார். இப்படிப்பட்டவர் இறந்தால் வாசகர் அழுவார் என்று தெரிந்தே நான் இவரை இப்படிப் பூசி மெழுகுகிறேனா?

அண்ணியிடம் கேட்டேன்.

"எங்கிட்ட அப்படித்தான் இருந்தாரு தம்பி. மக கிட்ட வேற ஆளு."

இரண்டாவது தடவை போனபோது அரை மணி நேரம் அங்கே இருந்தாளாம். அதற்குள் ஒன்பது முறை மகளைக் கூப்பிட்டார். காபி சூடு. காபி ஆறிப்போச்சு. ஜன்னலை மூடு. ஏன் மூடினே, மூச்சு முட்டுது. செருப்பு எங்கே? செருப்பு காலடியிலேயே இருந்தது. ஒவ்வொரு தடவையும் வேன்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வேன் ஓட்டும்போதும் ஃபோன் அடிப்பார். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரைக் கூட்டுவார்.

அப்புறம் ஒருநாள் பதிவைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி எண்ணியிருக்கிறாள்: ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை, சமையலறைக்கும் அவர் அறைக்கும் நடுவே அறுபத்து மூன்று நடை. வேகவேகமான, சின்னச் சின்ன அடிகள். அவை பெரியவருடையவை இல்லை.

ஆக, பெரியவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியை நான் விட்டுவிடுகிறேன். மகளுக்கு அவர் பெரும் பாரம். அண்ணிக்கு வேடிக்கையான மனிதர். இரண்டும் ஒரே ஆள். மேற்கொண்டு போகலாம்.

5

மூன்றாம் தடவை அண்ணி போனபோது நாற்காலி இல்லை.

"அப்பா போய்ட்டாரு மேடம்" என்றாள் வேன்காரம்மா. "நீங்க வந்துட்டுப் போன அடுத்த மாசமே. குளியலறை வாசல்ல விழுந்து கிடந்தாரு. நான் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்த உடனேயே போயிருக்கும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் வேன்காரம்மா. பிறகு, "அன்னிக்குப் பாத்து வேன் டயர் பஞ்சரு. அதான் லேட்டு" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்துக்கொண்டே டாக்டர் சொன்னதை மறுபடி சொன்னாள்.

ஃப்ரிட்ஜில் தாள் அப்படியே இருந்தது. அண்ணி கார்டை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

இனி வருவது அவளுடைய அலுவலக அறையில். மேசை, இரண்டு திரை, காலையில் போட்டு மறந்த டீ. அந்த ஆறு மாதத்தில் ஒரு நல்ல பூகம்பம் வந்திருந்தது. நல்லது என்றால் பெரியது, மிக ஆழத்தில் நடந்தது, மேலே யாருக்கும் சேதமில்லாதது. அதன் அலை முப்பத்தொரு நிலையங்களிலும் பளிச்சென்று விழுந்திருந்தது. பதினாறில் ஒன்றரை வினாடி முன்னதாக வந்திருக்கிறது. பதினெட்டிலும் அப்படியே. நடுவில் இருக்கும் பதினேழில் மட்டும் துளிகூட முந்தவில்லை.

இதற்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று, பதினேழுக்குக் கீழே தட்டு இல்லை. நடுவில் கிழிந்து, கிழிசல் வழியாகச் சூடான பாறை புகுந்திருக்கிறது. அப்படியானால் அண்ணியின் ஆறு வருஷ வேலைக்கு இதுதான் பலன்: இந்தத் தட்டு முழுசாக இறங்கவில்லை, சுமார் மூன்று கோடி வருஷத்துக்கு முன் பாதி வழியில் பிய்ந்துபோனது. இல்லையென்றால் கருவி கெட்டுப்போயிருக்கிறது.

கருவி ஒழுங்காக இருந்ததா என்று பார்க்க, அலை வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை எடுத்தாள். வடிகட்டாமல். அலை வந்தது பத்து ஐம்பதுக்கு.

பத்து ஏழுக்கு ஒரு பெரிய அதிர்வு. வீட்டுக்குள் கனமான ஏதோ விழுந்திருக்கிறது. 'பீரோவை நகர்த்தினார்களோ?' என்று நினைத்தாள். பத்து ஒன்பதுக்கு மூன்று முட்கள்.

அவளுக்கு அந்த மூன்றை நன்றாகத் தெரியும். நூற்று எண்பத்தொரு நாள் பார்த்திருக்கிறாள். தேதியைப் பார்த்தாள்.

மூன்று. ஒரு நிமிடம், ஒன்றுமில்லை. மூன்று. தரையில் எதையோ இழுப்பதுபோல் ஒரு தேய்ப்பு. மூன்று. இப்படிப் பதினோரு தடவை. போகப்போக முட்கள் குட்டையாகின்றன. கடைசித் தடவை இரண்டுதான். அப்போது மணி பத்து முப்பத்து மூன்று. அதற்கப்புறம் கோடு நேராகப் போகிறது. பத்து முப்பத்தெட்டுக்கு, பூமியின் அந்தப் பக்கத்தில், அறுநூறு கிலோமீட்டர் ஆழத்தில் பாறை நகர்ந்தது. பன்னிரண்டு நிமிடம் பயணப்பட்டு அந்த அலை இங்கே வந்து, ஏற்கனவே அடங்கிப்போன வீட்டுக்கு அடியில் மெதுவாக ஏறி இறங்கியது.

அங்கே நிறுத்தாமல் மேலும் நகர்த்திக்கொண்டு போனாள். ஒன்று பன்னிரண்டுக்குச் சின்னச் சின்ன அடிகள். முதலில் நடை. பிறகு ஓட்டம்.

கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்திருந்தது. அண்ணி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

* ஒரே மணி நேரத்தில் இரண்டும் நடந்தது என்பதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானாகப் புனைந்திருந்தால் வெட்கப்பட்டு ஒரு நாளாவது தள்ளிப்போட்டிருப்பேன். தள்ளிப் போட்டுப் பார்த்தேன். அப்படிச் செய்தால் அண்ணி அந்த ஒரு மணி நேரத்தைத் திறந்து பார்ப்பதற்குக் காரணமே இல்லாமல் போகிறது.

6

அவர் யாரைக் கூப்பிட்டார்?

இதைத்தான் அண்ணியால் தாங்க முடியவில்லை. மகளை என்றால் பெயர் சொல்லிக் கத்தியிருப்பார். அது கருவிக்குக் கேட்காது. வீட்டில் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். மூன்று மூன்றாகத் தட்டினால் கேட்கிற ஆள் ஒருத்திதான். "நான் அவருக்குத் தெளிவா சொல்லல தம்பி. கருவி எழுதி வச்சுக்கும், அனுப்பாதுன்னு சொல்லல. ஆறு மாசம் கழிச்சுத்தான் கேப்பேன்னு சொல்லல. அவரு நான் அப்பவே கேக்கறேன்னு நெனைச்சுட்டாரு."

நான் கதை எழுதுகிறவன். இந்த இடத்தில் என் கை பரபரத்தது. மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: அண்ணி அந்த ஒரு மணி நேரத்தை அழித்துவிடுகிறாள். யாருக்கும் தெரியாது. மகள் டாக்டரின் சொல்லோடு நிம்மதியாக இருக்கிறாள். படித்துவிட்டு அண்ணி, "அதை அழிச்சா கருவி சரியா இருந்துச்சுன்னு காட்ட ஆதாரம் இல்ல, கிழிசலும் போச்சு. தட்டு முழுசா இருக்குன்னு ஊருக்குப் பொய் சொல்லணும்" என்றாள். "அப்புறம் நான் எதுக்கு இந்த வேலையில?"

இரண்டாம் முடிவு: அழிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு காலத்தைத் தள்ளுகிறாள். இதுதான் எல்லோரும் செய்வது. நானாக இருந்தால் நிச்சயம் இதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல்: இப்படி எடுக்கும் பதிவுகளையெல்லாம் வேலை முடிந்த ஆறு மாதத்தில் பொதுக் களஞ்சியத்தில் வைத்துவிட வேண்டும், வடிகட்டாமல். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். அவர் பதினோரு தடவை தட்டியதும் என்றைக்கும் அங்கே இருக்கும். எல்லோருக்கும் திறந்து கிடப்பது மகளுக்கு மட்டும் தெரியாமல் இருப்பது

(இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் உபதேசமாகிறது. விட்டுவிடுகிறேன்.)

மூன்றாம் முடிவு: ஒரு கடிதம் எழுதுகிறாள். நாலு பக்கம். மிக அழகாக எழுதியிருந்தேன். அண்ணி அந்த நாலு பக்கத்தையும் திருப்பிக் கொடுத்து, "நான் இவ்ளோ நல்லா எழுதுவேனா? நேர்லதான் போனேன்" என்றாள்.

ஆனால் உடனே போகவில்லை. கருவியை எடுக்கும் நாள் வரை, ஏறக்குறைய ஆறு மாதம், அதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என் அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. கிழிசலைப் பற்றிய கட்டுரையை எழுதி முடித்தாள். அதில் பதினேழாம் நிலையத்தைப் பற்றி ஒரு வரி வருகிறது: 'இரைச்சல் குறைவு, பதிவு நம்பத்தக்கது.'

7

நான்காம் தடவை. பகல் பன்னிரண்டரை. வேன்காரம்மா வீட்டில் இருந்தாள். வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருவீங்களா?"

"ஆமாக்கா. ஒன்றரை வருஷம்னுதானே பேச்சு."

"கிடைச்சுதா உங்க தட்டு?"

அண்ணி வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எதற்கும் இதில் இடமில்லை. லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படத்தைத் திறந்தாள். பூமியை நெடுக்காக வெட்டி வைத்ததுபோல் ஒரு படம். சிவப்பும் மஞ்சளுமாக இருந்ததன் நடுவே, சாய்வாக இறங்கும் நீலப் பட்டை.

"இந்த நீலமா?"

"அதுதான். ஒரு காலத்துல கடலோட தரை."

"நடுவுல விட்டுப்போயிருக்கே."

"கிழிஞ்சிருக்கு. அது உங்க வீட்டுக் கருவியாலதான் தெரிஞ்சுது. இது இல்லன்னா முழுசா இருக்குன்னுதான் நெனைச்சிருப்போம்."

வேன்காரம்மா திரையை நெருங்கிப் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

"ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா சேந்துச்சா?"

"இல்லக்கா. இந்தக் கிழிசல் முக்கியமா ஒரே ஒரு பூகம்பத்துல தெரிஞ்சது."

"என்னிக்கு?"

அண்ணி தேதியைச் சொன்னாள்.

வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றுக்கு வந்து வீட்டையே உலுக்கியது, பிறகு நின்றது.

"எத்தனை மணிக்கு?"

"பத்து அம்பது."

"அப்ப அது ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

"ஆமா."

வேன்காரம்மா தலையாட்டினாள். "எனக்குத் தெரியும் மேடம். அன்னிக்கு எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க, நான் தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப்போனேன். அந்தப் பேப்பர் மூஞ்சிக்கு நேரா இருக்கு. அப்பவே தோணுச்சு, என்ன நடந்துச்சுன்னு கொல்லையில எழுதியிருக்கும்னு. போன தடவை நீங்க வந்தப்போ வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"டயர் பஞ்சர் ஆகல."

"ம்."

"பிள்ளைங்களை விட்டுட்டு வர்ற வழியில ஒரு மரம் இருக்கு. அது அடியில வண்டியை நிறுத்தினேன். அஞ்சு நிமிஷம்னுதான். ஃபோனை அணைச்சேன். கடைசி சீட்டுல காலை நீட்டிப் படுத்தேன். மூணு மணி நேரம்." அவள் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "தூங்கக்கூட இல்ல. சும்மா படுத்திருந்தேன். எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? அதுதான் மேடம். நல்லா இருந்துச்சு. வராம போனதைக்கூட எங்கண்ணன்கிட்ட எப்படியாவது சொல்லிருவேன். நல்லா இருந்துச்சுங்கறதை யார்கிட்ட சொல்றது?"

இந்த இடத்தில் அண்ணி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அண்ணி அடித்துவிட்டாள். "கட்டிக்கவெல்லாம் இல்ல. உக்காந்துதான் இருந்தேன்."

"டாக்டர் சொன்னது நெசமா?" என்று கேட்டாள் வேன்காரம்மா.

"இல்லக்கா."

"எவ்ளோ நேரம்?"

"சொல்லட்டுமா, காட்டட்டுமா?"

"காட்டுங்க."

அண்ணி அந்த நாளின் பதிவைத் திறந்து லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வருஷமாக ஃப்ரிட்ஜ் கதவில் தினமும் பார்த்துப் படித்த எழுத்து அது. விரலால் தானே நகர்த்திக்கொண்டு போனாள். உதடு மட்டும் அசைந்தது. பதினொன்று. கடைசியில் இரண்டு. நீளமான நேர்க்கோடு. அலை ஏறி இறங்கிய இடத்தில் "இதா?" என்றாள், "இதுதான்" என்றாள் அண்ணி. ஒன்று பன்னிரண்டுக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது நான்."

"ஆமா."

பிறகு அண்ணி, தான் சொல்ல வந்ததைச் சொன்னாள். பதிவு பொதுவில் போகும் என்று. அதற்கு வேன்காரம்மா, "பாக்கறவங்களுக்கு இது என்னன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது, இரைச்சல் என்று நினைப்பார்கள் என்றாள் அண்ணி. "அப்ப இருக்கட்டும்."

அப்புறம், தனக்கென்று வைத்திருந்ததையும் சொன்னாள். "அவர் கூப்பிட்டது என்னைத்தான்க்கா. இது அப்பவே எனக்குக் கேக்கும்னு நெனைச்சிருக்காரு. கேக்காதுன்னு நான் சொல்லியிருக்கணும்."

வேன்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாக்கியம் சொன்னாள்.

பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. "நேரமாச்சு. நீங்க எல்லாத்தையும் கழட்டிட்டு, வீட்டைப் பூட்டி சாவியை மீட்டர் பெட்டிக்குள்ள வச்சிட்டுப் போங்க" என்றாள். அவளைக் கொஞ்சம் தனியாக விடலாம் என்று அண்ணி கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

8

அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தெரியும். அண்ணி சொன்னாள். சொல்லும்போது பல் டாக்டரின் உதவியாள் வந்து கூப்பிட, "இருங்க வரேன்" என்று அவனை நிறுத்திவைத்துச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

முதல் வடிவத்தில் அதை எழுதியும் இருந்தேன். வேன்காரம்மா படித்துச் சம்மதம் சொல்லாமல் வெளியிடக் கூடாது என்றாள் அண்ணி. கையெழுத்துப் பிரதி போனது; இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. பென்சிலில் இரண்டே திருத்தம். நான் வேனுக்கு மஞ்சள் அடித்திருந்தேன். 'வெள்ளை' என்று எழுதியிருந்தாள். அந்த வாக்கியத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் 'இது மேடத்துக்குச் சொன்னது' என்று எழுதியிருந்தாள்.

வேனின் நிறத்தையே எடுத்துவிட்டேன். வாக்கியத்தையும்.

அதற்குப் பதிலாக வேறொரு வாக்கியம் போட்டுப் பார்த்தேன். அவள் அண்ணியை மன்னிப்பதுபோல் ஒன்று. திட்டுவதுபோல் ஒன்று. தன்னைத்தானே மன்னித்துக்கொள்வதுபோல், கொஞ்சம் சிரிப்போடு, ஒன்று. எல்லாமே நன்றாக இருந்தன. எதுவும் அவள் சொன்னது இல்லை. உங்களுக்கு ஒன்று வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கொடுக்க முடிந்தது இன்னொன்று இருக்கிறது. அண்ணி கொல்லைக்குப் போன பிறகும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறக்கும்வரை உள்ளே நடந்தது அதில் இருக்கிறது. அண்ணி அன்று அதைப் பார்க்கவில்லை. இந்தக் கதைக்காக நான் கேட்டபோதுதான் எடுத்தாள். களஞ்சியத்தில் யாரும் பார்க்கக்கூடியதுதான் என்பதால் இதற்கு வேன்காரம்மா தடை சொல்லவில்லை. என்ன நடந்தது என்று அவளைக் கேட்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை. எனவே வடிகட்டாமல் தருகிறேன். படிப்பது உங்கள் பாடு.

சாப்பாட்டு மேசையிலிருந்து தெருக்கதவுக்கு வேன்காரம்மாவுக்கு வழக்கமாகப் பதினோரு அடி. அன்று ஏழு அடி. அந்த ஏழாவது அடி குளியலறை வாசலுக்கு நேராக வருகிறது. அங்கே நாற்பத்தொரு வினாடி நடை இல்லை. கோடு முழுக்க நேராகவும் இல்லை: இருபத்தெட்டாவது வினாடியில் சின்னதாக ஒன்று இருக்கிறது. சாவிக்கொத்து விழுந்ததாக இருக்கலாம், முழங்கால் தரையில் பட்டதாக இருக்கலாம், சுவரில் கை வைத்ததாக இருக்கலாம். அண்ணி பெரிதாக்கிப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லிவிட்டாள். பூமிக்குள் எழுநூறு கிலோமீட்டர் பார்க்கிறவள்.

பிறகு நாலு அடி, அவசரமில்லாமல். கதவு. ஒன்று ஐம்பத்தெட்டுக்கு வேன் கிளம்பியது. அன்று பிள்ளைகள் யாரும் வாசலில் காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மூன்றுக்கு அண்ணி மூடியைத் திறந்து ஒயரைக் கழற்றுகிறாள். பதிவு அதோடு சரி.